நாலாம் நம்பர் துணி

வேங்கிக்காலில் என் வீட்டுக்குப் பின்புறம் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. பழைய கார்களின் இன்ஜின் ஹெட்டுகளை அங்கே வைத்துத்தான் வேலை செய்கிறேன். போன மாதம் பணிமனையிலிருந்து இரண்டு பேர் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார்கள். நான் ஓய்வு பெறும் சமயத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள். அப்போது நான் ஒரு ஹெட்டை முடித்துவிட்டு, அதன் ஓட்டைகளில் அடைத்திருந்த துணிகளை உருவி உருவி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று உரக்க எண்ணிக்கொண்டிருந்தேன். கொட்டகையில் என்னைத் தவிர ஈ காக்கை இல்லை.

"அண்ணே, யார்கிட்ட பேசிக்கினு இருக்கீங்க?" என்றான் ஒருவன்.

"துணிகிட்ட" என்றேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணனுக்கு மண்டை குழம்பிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். காபி குடித்துவிட்டுக் கிளம்பும்போது, "இதெல்லாம் நம்ம சங்க மலருக்கு எழுதிக் குடுங்கண்ணே" என்றார்கள். மரியாதைக்குச் சொன்னது. நான் நிஜமாகவே எழுத உட்கார்ந்துவிட்டேன். கேட்டவர்கள் படித்துத்தான் ஆக வேண்டும்.

இன்ஜினுக்கு மேலே மூடி போல உட்கார்ந்திருக்கும் கனத்த இரும்புதான் ஹெட். வால்வுகள் அதில்தான் நிற்கும். சூடு ஏறாமல் இருக்க அதன் வயிற்றுக்குள் தண்ணீர் ஓடும் குடைவுகள் இருக்கும். வேலை தெரிந்தவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போகலாம். என் தம்பி மனைவியும் இந்த மலரைப் படிக்கிறாள், அவளுக்காகச் சொன்னேன்.

அடி அண்ணாமலையில் எங்களுக்கு இருந்த நிலம் மூன்று அண்ணன் தம்பிகளுக்குக் காணாது. ஆகவே என்னை ஐ.டி.ஐ.க்கு அனுப்பினார்கள். அங்கிருந்து அப்ரண்டிஸாகப் பேருந்துப் பணிமனைக்கு வந்தேன். ஹெட் பிரிவில் ஆள் குறைகிறது என்று ஒரு வாரத்துக்குப் போட்டார்கள். அந்த ஒரு வாரம் முப்பத்தொரு வருஷம் நீண்டது. ஊரில் எத்தனையோ முருகேசன்கள் உண்டு, ஹெட்டு முருகேசன் என்றால் நான் ஒருவன்தான்.

காதர் பாய் எங்கள் போர்மேன். ஆற்காட்டுக்காரர். நாள் முழுக்க வேலை செய்தாலும் சட்டையில் ஒரு சொட்டு ஆயில் படாது. அது எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கத்த மாட்டார். கத்தியிருந்தால் தேவலை என்று பல நாள் நினைத்திருக்கிறேன். நாம் ஏதாவது தப்பாகச் செய்தால் மெல்ல வந்து பக்கத்தில் நின்று, "இப்ப இன்னா செஞ்சே, சொல்லு" என்பார். செய்ததை நம் வாயாலேயே சொல்ல வேண்டும். பாதி சொல்வதற்குள் தப்பு எங்கே என்று நமக்கே தெரிந்துவிடும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவர் "ம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்த "ம்"முக்குப் பயந்தே நாங்கள் வேலை கற்றோம்.

அவருடைய முறைகள் எல்லாம் இன்றைக்கும் என் கையில் இருக்கின்றன. ஹெட்டின் நட்டுகளை வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கால் திருகு, கால் திருகாகத்தான் தளர்த்த வேண்டும். ஒரே இழுப்பில் கழற்றினால் ஹெட் வளைந்துவிடும். கழற்றிய வால்வுகள் அதே வரிசையில் ஒரு பலகையின் துளைகளில் நிற்க வேண்டும். பிறகு ஒவ்வொரு வால்வையும் அது உட்காரும் இடத்தில் மாவு போட்டுத் தேய்ப்போம். மாவு என்றால் பேருக்குத்தான் மாவு, இரும்பையே அரைக்கிற பொடி அது. தண்ணீர்க் குடைவுக்குள் அது போய்விடக்கூடாது என்பதற்காக எல்லா ஓட்டைகளையும் துணியால் அடைப்போம்.

பாய் ஒரு பழைய காக்கி யூனிபாரத்தை ஏழு துண்டாகக் கிழித்து, ஒவ்வொன்றின் மூலையிலும் பெயிண்டால் நம்பர் எழுதியிருந்தார். அடைக்கும்போது எண்ண வேண்டும். எடுக்கும்போதும் எண்ண வேண்டும், அதுவும் வாய்விட்டு. ஹெட்டைத் தூக்கி இன்ஜின்மேல் வைக்கும் முன் பாய் வந்து, "எத்தினி?" என்பார். "ஏழு பாய்" என்று சொன்னால்தான் நட்டு டப்பாவைக் கையில் கொடுப்பார்.

சேர்ந்து நாலாவது வருஷம் ஒரு நாள், என் கையில் ஆறு துணிதான் இருந்தது. அன்றைக்கு என் அண்ணனுக்கு நிச்சயதார்த்தம். நான் அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு நெருப்பை மிதித்தவன் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். பாய் "எத்தினி?" என்றார். "ஏழு பாய்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று நானே என்னைச் சமாதானப்படுத்திப் பார்த்திருக்கிறேன். அது உண்மையில்லை. ஆறு என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் மத்தியானம் அந்த பஸ் ஜவ்வாது மலை ஏற்றத்தில் ஆவி கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. பாய் என்னையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். ஜனங்கள் வெயிலில் ரோட்டோரம் மூட்டை முடிச்சுகளோடு உட்கார்ந்திருந்தார்கள், கைக்குழந்தைகள் வேறு. பாய் தண்ணீர் வெளியேறும் மூடியைக் கழற்றி, குறடால் துணியை இழுத்து எடுத்தார். சொட்டச் சொட்ட இருந்த அதை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார்.

"இப்ப இன்னா செஞ்சே, சொல்லு" என்றார்.

"ஆறு பாய். ஆறுன்னு தெரிஞ்சே ஏழுன்னு சொன்னேன்."

"ம்" என்றார்.

பணிமனைக்குத் திரும்பியதும், 'துணியை நான் எண்ணிப் பார்க்காமல் விட்டேன்' என்று தன் பெயரில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் பெயரே அந்தக் காகிதத்தில் இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் அவமானமாகத்தான் இருக்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா உட்கார எனக்குத் தெரியவில்லை. மனைவி பச்சையம்மாளுக்கும் நான் சும்மா உட்கார்ந்திருப்பது பிடிக்கவில்லை. யாரோ ஒருவர் பழைய கார் ஹெட் ஒன்றைக் கொண்டு வந்தார், பிறகு இன்னொருவர். பழைய காருக்கு ஹெட் புதிதாகக் கடையில் கிடைக்காது, இருப்பதைத்தான் உயிர் கொடுத்து எடுக்க வேண்டும். பணிமனையில் இருந்த வசதி வீட்டில் ஏது? நெல் வேகவைக்கிற அண்டாவில் சோடா போட்டு, கரி போக ஹெட்டை வேகவைத்தேன். வால்வு உட்காரும் வளையங்கள் குளிர்ந்து சுருங்கினால்தான் ஹெட்டுக்குள் இறங்கும். அதற்கு பிரிட்ஜில் ஐஸ் வைக்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"இது ஊடா, ஒர்க்‌ஷாப்பா? மீன் வெக்கிற எடத்துல வளையம், நெல்லு வேகவெக்கிற அண்டாவுல கரி. நாளைக்கி அம்மியில இன்னாத்த அரைக்கப் போறீங்க?" என்பாள் பச்சையம்மாள். சொல்லிக்கொண்டே அடுப்புக்கு விறகும் எடுத்துக் கொடுப்பாள்.

பணிமனையிலிருந்து நான் கொண்டுவந்த பழக்கம் ஏழு துணி. வீட்டிலும் நம்பர் போட்டு ஏழு துணி வைத்திருந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

மாட வீதிக்குப் பின்னால் ஒரு தெருவில் விசாலாட்சி அம்மா இருக்கிறார். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா கோயிலில் குருக்களாக இருந்தவர். அப்பாவுக்குப் பிறகு தம்பி கணேச குருக்கள் பூஜை முறை செய்கிறார். அக்கா, தம்பி, தம்பி மனைவி எல்லாரும் ஒரே வீடு. அப்பா ஆசையாக வாங்கிய மார்க் ஒன் அம்பாசடர் அந்த வீட்டில் நிற்கிறது. விசாலாட்சி அம்மாவுக்கு அதில்தான் அப்பா வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்தார். அவர் இறந்த பிறகு, வண்டியை மறுபடி ஓட வைக்க வேண்டும் என்று அந்த அம்மா என்னைத் தேடி வந்தார். அது இரண்டு வருஷத்துக்கும் முன்னால். ஹெட்டை நான் முழுசாகப் புதுப்பித்துக் கொடுத்தேன்.

அந்த ஹெட்டை அவர்கள் வீட்டில் இன்ஜின்மேல் ஏற்றி, பதினோரு நட்டையும் முறையாக இறுக்கிவிட்டு, பையில் சாமான்களை எடுத்து வைக்கும்போது பார்த்தேன். துணி ஆறுதான் இருந்தது. நாலாம் நம்பரைக் காணவில்லை.

எண்ணாமல் எப்படி ஏற்றினேன் என்று கேட்பீர்கள். எண்ணினேன். வீட்டில் கொட்டகையில் துணிகளை எடுக்கும்போது "ஏழு" என்று முடித்ததாகத்தான் ஞாபகம். ஆனால் நடுவில் பச்சையம்மாள் எதற்கோ கூப்பிட்டாள், நான் பதில் சொன்னேன். எங்கே விட்டு எங்கே தொடங்கினேன் என்று சத்தியம் செய்ய முடியவில்லை. வீட்டுக்குப் போனதும், "அடுப்புல பாத்திரம் இறக்க என் துணிய எடுத்தியா?" என்று கேட்டேன்.

"உங்க கரித்துணிய நான் எதுக்குத் தொடறேன்?" என்றாள். ஆனால் அவள் எடுப்பாள். பல தடவை எடுத்திருக்கிறாள். அந்த நம்பிக்கையில் நான் வாயை மூடிக்கொண்டேன். திரும்பப் போய்ப் பிரித்தால் இரண்டு நாள் வேலை, ஹெட்டுக்கு அடியில் வைக்க புது கேஸ்கட், அதைவிட அந்த அம்மா முகத்தில் விழிக்க வேண்டும். வண்டியும் நன்றாகத்தான் ஓடியது. ஆனாலும் ஒவ்வொரு தடவை அந்த வண்டி வேங்கிக்கால் ரோட்டில் போவதைப் பார்க்கும்போதும் முன்னால் ஆவி வருகிறதா என்று எட்டிப் பார்ப்பேன்.

போன வருஷக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. போளூர் ரோட்டில் வண்டி கொதித்து நின்றுவிட்டது, கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறார்கள். நான் போனபோது கணேச குருக்கள் வாசலில் கோபமாக நின்றிருந்தார்.

"நடு ரோட்ல ஒத்தையா ரெண்டு மணி நேரம் நின்னிருக்கா, முருகேசன். அறுபது வயசுக்கு மேல இது தேவையா? வெள்ளிக்கிழமை எப்.சி. காட்டணும். அன்னிக்கு ஆகலேன்னா காயலாங்கடைக்காரன் வந்து எடுத்துண்டு போயிடுவான். சொல்லியாச்சு. அவளும் ஒத்துண்டுட்டா."

விசாலாட்சி அம்மாவைப் பார்த்தேன். "ஒத்துண்டேன்" என்றார். வண்டியின் பானெட்மேல் கையை வைத்துக்கொண்டே சொன்னார். தகுதிச் சான்று வாங்கத் தவறினால் அப்பாவின் வண்டி எடைக்குப் போய்விடும். நடுவில் நான்கு நாள், அதிலும் பௌர்ணமி கிரிவலக் கூட்டம் வேறு.

ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். தண்ணீர் இல்லை. வெள்ளை வெளேர் என்று கூழ் மாதிரி ஒன்று இருந்தது. இன்ஜின் அளவு மீறிச் சூடேறி, ஹெட் விரிசல் விட்டு, ஆயிலும் தண்ணீரும் கலந்தால் இப்படித்தான் வெளுத்துத் திரளும். பணிமனையில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தேன். கொரோனாவில் போன என் மோப்பம் திரும்பி வரவேயில்லை, பழக்க தோஷத்தில் முகர்ந்தேன். ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தேன், அதில் ஆயில் சுத்தமாக இருந்தது. தண்ணீர் கலந்திருந்தால் அதுவும் வெளுத்திருக்கும். அங்கேயே நான் நின்று யோசித்திருக்க வேண்டும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். துணி தண்ணீர் வழியை அடைத்தது, அதனால் கொதித்தது, அதனால் ஹெட் வெடித்தது என்று என் மனசு வரிசையாகத் தீர்ப்பு எழுதிவிட்டது.

"என்ன ஆச்சு?" என்றார் குருக்கள்.

'பழைய வண்டி, அப்படித்தான் ஆகும்' என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. துணியை நானே எடுத்து நானே மறைத்திருப்பேன். ஆனால் காதர் பாய் பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. மனிதர் இறந்து பல வருஷமாகிறது, இன்னும் என்னை விடவில்லை.

"இது என் தப்பா இருக்கும் சாமி" என்றேன். "ரெண்டு வருஷம் முன்ன ஹெட்டு ஏத்தறப்ப ஒரு துணி எண்ணிக்கையில கம்மியாச்சு. உள்ளயே விட்டுட்டேனோன்னு சந்தேகம். அப்பவே சொல்லியிருக்கணும். சொல்லல."

"ரெண்டு வருஷமா தெரியுமா உங்களுக்கு?"

"சந்தேகம் இருந்துச்சு."

"சந்தேகம் இருந்துதாம்! அவ பாட்டுக்கு ஊர் ஊரா ஓட்டிண்டு போறா, நீங்க பாட்டுக்கு சந்தேகப்பட்டுண்டு உக்காந்திருந்தேளா?" என்றார். அதற்கு மேலும் பேசினார். எல்லாம் நியாயமான பேச்சு. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். தம்பி பேசி முடித்ததும் விசாலாட்சி அம்மா, "பிரிச்சுப் பாருங்கோ, முருகேசன். வெள்ளிக்கிழமைக்குள்ள ஆகுமான்னு மட்டும் சொல்லுங்கோ" என்றார்.

"விரிசல் இல்லாம இருந்தா ஆகும்மா" என்றேன். எனக்கு நம்பிக்கை இல்லை.

திங்கட்கிழமை ஹெட்டைக் கழற்றினேன். பதினோரு நட்டு, கால் திருகு, கால் திருகு. வழக்கமாக அரை மணியில் முடிகிற வேலைக்கு ஒன்றரை மணி ஆயிற்று. தண்ணீர் வெளியேறும் வாயில் விரலை விட்டேன். வெள்ளைக் கூழ்தான் வந்தது. கம்பியை வளைத்து உள்ளே விட்டுத் துழாவினேன். துணி சிக்கவில்லை. இன்னும் உள்ளே போயிருக்கும் என்று நினைத்து, ஹெட்டைச் சாக்கில் கட்டி ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை கொட்டகையில் ஹெட்டின் பக்கவாட்டுத் தண்ணீர் மூடிகளைத் தட்டி எடுத்துவிட்டு, உள்ளே இருந்ததைக் கரண்டியால் வழித்து ஒரு பாத்திரத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். வழிக்க வழிக்க வந்துகொண்டே இருந்தது. துணியை மட்டும் காணோம். பச்சையம்மாள் டீ கொண்டு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாங்க இது, கொட்டாயில கோயில் வாசன அடிக்குது?"

"ஆயில் நாத்தத்துல உனக்கு கோயில் வாசனையா?"

"அட, மெய்யாலுமே. சந்தனம்ங்க." பாத்திரத்தை எடுத்து மூக்குக்கிட்டே கொண்டு போனாள். விரலால் தொட்டு உள்ளங்கையில் தேய்த்தாள். "விபூதிங்க இது. பால் திரிஞ்ச நாத்தமும் அடிக்குது. யாரு வண்டிக்கு அபிஷேகம் பண்ணது?"

நான் கூழைக் கொஞ்சம் எடுத்து மண்ணெண்ணெயில் போட்டேன். ஆயில் கலந்த கூழாக இருந்தால் கரைந்திருக்கும். இது கரையாமல் அடியில் போய் வெள்ளையாகப் படிந்தது. வெந்நீரை ஊற்றி ஹெட்டின் குடைவுகளை ஒவ்வொன்றாக அலசினேன், டார்ச் அடித்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்தேன். துணி இல்லை. ஒரு நூல் கூட இல்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது. நிறுத்த முடியாத சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி. பச்சையம்மாள் பயந்துபோய் டீயை என் கையில் திணித்தாள். "நான் உடல பச்ச, நான் உள்ள உடல" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜெயிலிலிருந்து விடுதலையானவனுக்குக் கூட அவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது. நாலாம் நம்பர் எங்கே போனது என்று எனக்கு இன்றும் தெரியாது. பச்சையம்மாள் அவள் எடுக்கவில்லை என்றுதான் இன்னும் சொல்கிறாள்.

பிறகுதான் மிச்சம் இருந்த பயம் வந்தது. இவ்வளவு கொதித்த ஹெட் பிழைத்திருக்குமா? அண்டாவில் அரை நாள் வேகவைத்து எடுத்தேன். மட்டக்கோலை வைத்து வளைவு பார்த்தேன், வளையவில்லை. இந்த மாதிரி ஹெட்டில் விரிசல் விட்டால் இரண்டு வால்வுகளுக்கு நடுவில்தான் விடும். அங்கே மண்ணெண்ணெய் தடவி ஊற விட்டுத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைத் தூவினேன். விரிசல் இருந்தால் அதற்குள் போன மண்ணெண்ணெய் வெளியே கசிந்து, தூளில் மயிரிழைக் கோடு எழுதும். கால் மணி நேரம் குனிந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். தூள் வெள்ளையாகவே இருந்தது. நான்கு இடத்திலும் வெள்ளை. பச்சையம்மாளும் பக்கத்தில் குனிந்து பார்த்துவிட்டு, "பொழச்சிக்கிச்சா?" என்றாள்.

"பொழச்சிக்கிச்சி."

புதன்கிழமை காலை நான் மட்டும் போய் விசாலாட்சி அம்மாவிடம் பேசினேன். போகிற வழியெல்லாம் எனக்குள் ஒரு போராட்டம். குருக்கள் முன்னால் பழி ஏற்கெனவே என்மேல் விழுந்துவிட்டது. அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும், இந்த அம்மாவை எதற்கு மாட்டிவிட வேண்டும் என்று ஒரு பக்கம் தோன்றியது. ஆனால் சொல்லாவிட்டால் மறுபடி ஊற்றுவார். மறுபடி ஏதாவது ஒரு ரோட்டில் வண்டி நிற்கும்.

"அம்மா, ரேடியேட்டர்ல தண்ணி தவிர வேற ஏதாவது ஊத்தினீங்களா?" என்றேன்.

"பிரதோஷத்துக்குக் கணேசன் அபிஷேகத் தீர்த்தம் கொண்டு வருவான். அதுல ஒரு டம்ளர். அப்பா இருந்தவரைக்கும் பானெட் மேல தெளிப்பார். வெளியில தெளிச்சா வெயில்ல காஞ்சுடறதே, உள்ள விட்டா தங்குமேன்னு..." என்றார்.

"தங்கித்தாம்மா இருந்துச்சு" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது, வாய் சும்மா இருக்கவில்லை.

விசாலாட்சி அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "அப்பா வண்டியை நானே கெடுத்துட்டேனே. உங்களை வேற அவன் அத்தனை பேச்சு பேசினான்" என்றார். ஹெட் பிழைத்துவிட்டது என்று நான் மூன்று தடவை சொன்ன பிறகுதான் அவர் காதில் விழுந்தது. "கணேசன்கிட்ட நானே சொல்றேன்" என்றார்.

எனக்கு ஒரு கணக்கு மட்டும் உதைத்தது. மாதத்துக்கு இரண்டு டம்ளர் தீர்த்தத்தில் இவ்வளவு விபூதி சேராது. ஒரு சொம்பு நிறைய வழித்திருந்தேன். அந்த அம்மா அழுதுகொண்டிருக்கும்போது அதைக் கேட்க மனசு வரவில்லை.

புதன் சாயங்காலம் தொடங்கி கிரிவலக் கூட்டம். வியாழக்கிழமை ஊருக்குள் ஆட்டோ விடவில்லை. வால்வுகளைத் தேய்த்துப் பூட்டிய ஹெட்டை, அழுக்குப் படாமல் இருக்கப் பச்சையம்மாள் என் மஞ்சள் வேட்டியில் சுற்றிக் கொடுத்தாள். சைக்கிள் கேரியரில் கட்டி, கூட்டத்துக்குள் தள்ளிக்கொண்டு போனேன். ஒரு வெளியூர் அம்மா என்னை நிறுத்தி, "இன்னா சாமிங்க இது?" என்று கேட்டார்.

"சாமி இல்லம்மா. இஞ்சின் ஹெட்டு."

"எதுவா இருந்தா இன்னா" என்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு நாலைந்து பேர் வழிவிட்டார்கள்.

அன்று பகல் முழுக்க இன்ஜினின் மற்ற பாகத்தையும் ரேடியேட்டரையும் குழாய் போட்டு அலசினேன். தெளிந்த தண்ணீர் வரும்வரை விடவில்லை. துணிகளை எடுத்து, விசாலாட்சி அம்மா முன்னால் வாய்விட்டு எண்ணினேன். காணாமல் போன நாலாம் நம்பருக்குப் பதில் புதிதாக ஒரு நாலு எழுதி வைத்திருந்தேன். எண்ணி முடித்துவிட்டு அந்த அம்மா கையிலேயே கொடுத்து, "நீங்களும் எண்ணுங்க" என்றேன். அவரும் எண்ணினார். அதற்குப் பிறகுதான் ஹெட்டை ஏற்றினேன்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியைக் கிளப்பும் முன், ரேடியேட்டரில் சுத்தத் தண்ணீர் ஊற்றினேன். அக்காவும் தம்பியும் இரண்டு பக்கமும் நின்றிருந்தார்கள். அந்த அம்மா இன்னும் தம்பியிடம் சொல்லவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான் மூடியைத் திருகிக்கொண்டே பொதுவாகச் சொன்னேன்.

"இனிமே இதுல தண்ணி தவிர ஒண்ணும் கூடாது. ஒரு டம்ளர் கூட."

விசாலாட்சி அம்மா தம்பி பக்கம் திரும்பினார். "கணேசா, முருகேசன் உள்ள துணி எதுவும் விடலை. நான்தான். பிரதோஷத் தீர்த்தத்தை இதுல ஊத்திண்டிருந்தேன். உள்ளெல்லாம் விபூதி அடைச்சுண்டுடுத்து. நீ என்னைத் திட்டணும்னா திட்டு" என்றார்.

திட்டுதான் விழப்போகிறது என்று நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு நின்றேன். குருக்கள் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் தரையைப் பார்த்தார்.

"நானும் ஊத்தினேன்" என்றார்.

"என்னது?"

"நீ வண்டி எடுக்கற நாள்ல எல்லாம். கார்த்தால நீ எழுந்துக்கறதுக்கு முன்னாடி. சொம்புல இருக்கற தீர்த்தத்துல கொஞ்சம்."

"நான் தண்ணி குறைஞ்சிருக்கான்னு பார்க்கறப்பல்லாம் நிறைஞ்சே இருந்துதே! எதுக்குடா ஊத்தினே? உனக்குத்தான் இந்த வண்டியே பிடிக்காதே."

"வண்டி பிடிக்கலேன்னு யார் சொன்னா? நீ தனியா போறே. வழியில எங்கேயும் நின்னுடப்படாதுன்னுதான்."

முதலில் சிரித்தது விசாலாட்சி அம்மாதான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. குருக்கள் மட்டும் வெகுநேரம் தாக்குப் பிடித்துப் பார்த்தார், முடியவில்லை.

எப்.சி. காட்டும் இடத்துக்கு அந்த அம்மா ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். குருக்கள் பின்னாலேயே ஆட்டோவில் வந்தார். வழி முழுக்க நான் ரோட்டைப் பார்க்கவில்லை, சூடு காட்டும் முள்ளைத்தான் பார்த்தேன். பாதிக்கு வந்து நின்ற முள் அங்கேயே நின்றது. ஆய்வாளர் பானெட்டைத் திறக்கச் சொன்னார், பிரேக் பார்த்தார், விளக்குப் பார்த்தார். வெயிலில் இருபது நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டு நிற்க வைத்தார். ஆவி வரவில்லை, முள் அசையவில்லை. "நல்லா வெச்சிருக்கீங்கம்மா" என்று காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தக் காகிதத்தை விசாலாட்சி அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

குருக்கள் ஓரமாகப் போய்ப் போனில் பேசியது எங்கள் காதில் விழுந்தது. "வர வேண்டாம்ப்பா. வண்டி ஓடறது. இல்லப்பா, எத்தனை குடுத்தாலும் இல்ல" என்று சொல்லிவிட்டு என் பக்கம் வந்தார்.

"அன்னிக்கு உங்களை ரொம்பப் பேசிட்டேன், முருகேசன்."

"பேச வேண்டியதுதான சாமி."

"உள்ள நிஜமாவே துணி இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பேள்?"

"இதே வேலையத்தான் செஞ்சிருப்பேன். இன்னா ஒண்ணு, இப்படி சிரிச்சிருக்க மாட்டேன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். காத்திருந்த ஆட்டோவை அனுப்பிவிட்டு, முன்கதவைத் திறந்து அக்கா பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். "மெதுவா ஓட்டு" என்றார்.